முழு மாடிக்கும் ஒரு கூரை

காற்று வந்தபோது நாங்கள் மாடியில் தைத்துக்கொண்டிருந்தோம். அக்னி நட்சத்திர வெயில். மலைப்பக்கம் மத்தியானம் வரை ஒரு மேகம்கூட இல்லை. சாப்பாடு முடித்து மறுபடி மெஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பழுப்பாக மாறியது. தெருவில் யாரோ அவசரமாக ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அதற்குள் மண்ணும் காய்ந்த இலையுமாகக் காற்று உள்ளே புகுந்து, வெட்டி அடுக்கியிருந்த சட்டைத் துணிகளை வாரி இறைத்தது.

"அக்கா, மேல பாருங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

தலைக்கு மேலே சிமெண்டு ஷீட் ஒன்று ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கொக்கி ஒரு பக்கம் ஏற்கெனவே கழன்றிருந்தது.

"மெஷின வுடுங்க. எல்லாரும் கீழ போங்க" என்றேன். பெண்கள் படியில் இறங்கினார்கள். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைசியாக வந்தேன். பாதிப் படியில் இருக்கும்போது முதல் ஷீட் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் வரிசையாக மற்றவை. உடைந்து விழும் சத்தம் தெருவிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் மாறி மாறிக் கேட்டது. பின்னாலேயே மழை. கூடத்தில் என் நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை நின்று மேலே போனபோது ஆறு மெஷின்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. வெள்ளைத் துணியெல்லாம் செம்மண் நிறம். இரும்புப் பைப்புகள் மட்டும் வளைந்து நின்றன. நான் அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்கள் இருந்ததால், அதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அந்த வீடு என் அப்பாவின் வீடு; நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், திருத்தணியில் கடன் வாங்கிக் கட்டியது. எனக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று நைனா ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் வீடு அண்ணனுக்கு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். துணி காயவைக்க, மழைக்கு ஒதுங்க என்று மாடியில் அந்த சிமெண்டு ஷீட்டைப் போட்டவன் அவன்தான். அதற்கடியில் நான் ஒரு மெஷின் போட்டேன். பிறகு இன்னொன்று. அம்மா இறந்த பிறகு நாளெல்லாம் மேலேயே இருந்தேன். காற்று வந்த வருஷம் ஐந்து பெண்கள் என்னோடு வேலை செய்தார்கள். சிலர் ஆர்.கே.பேட்டை பக்கத்து ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார்கள். இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கும் ஆர்டர் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கிடைத்திருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

மெஷின்களைக் கீழே இறக்கிக் கூடத்தில் போட்டோம். வேறு இடமில்லை. நைனாவின் கட்டிலை ஓரமாகத் தள்ளினோம். டிவிக்கு முன்னால் துணி வெட்டும் மேஜை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் சத்தத்தில் டிவி போட்டும் பிரயோஜனமில்லை என்று அவரே அதை அணைத்துவிட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் அடுத்த மாசம் லீவு போட்டு வரேன். வந்து பாத்துக்கலாம், அவசரப்படாத" என்றான்.

"அடுத்த மாசம் பள்ளிக்கூடமே தொறந்துடும்ணா."

"அதுக்கு இன்னா பண்றது? கீழயே தைங்க. நைனாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ."

நைனாவைக் கேட்டேன். "அவன் வரட்டுமேம்மா" என்றார்.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கான்ட்ராக்டர் யார் நல்லவர் என்று ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். மாமன் மச்சான் பேரைச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு வேறு ஒரு யோசனை. அந்தக் காற்று என் வீட்டில் மட்டும் அடிக்கவில்லை. அதைத் தாங்கி நின்ற கூரை எது என்று பார்த்தால், போட்டவன் யார் என்று தெரிந்துவிடும்.

அப்படித்தான் தெருத் தெருவாகத் தலையை அண்ணாந்துகொண்டு போனேன். ஊருக்குள் பாதி மாடிகள் மொட்டையாக இருந்தன. பொதட்டூர்பேட்டை சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓரிடத்தில் விசைத்தறிக் கொட்டகைகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு பக்கத்திலும் ஷீட் பறந்துபோய் தறிகள்மேல் தார்ப்பாய் கட்டியிருக்க, நடுவில் ஒரு கொட்டகை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. உள்ளே தறி ஓடிக்கொண்டும் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தி உள்ளே போனேன். நூல் தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதன் முதலாளி வெளியே வந்தார்.

"இந்தக் கூரைய யாருங்க போட்டது?"

அவர் சிரித்துவிட்டார். "லுங்கி வேணும்னு வந்தீங்கன்னு நெனச்சேன். நகரி ஆளும்மா. கோவக்காரன், ஆனா வேல சுத்தம். இன்னைக்கி போனா புடிக்கலாம், நாளைக்கி போனா ஊரே அவன் வாசல்ல நிக்கும்."

நகரி ஆந்திராவில் இருக்கிறது என்றாலும் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரிதான். அன்றே போனேன். இரும்புக் கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை. கான்ட்ராக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சிலோடு இரண்டு பேரிடம் தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிட்டு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்றார்.

"இருக்காங்க. கூரை என்னுது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். தறிக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன். அங்கே கம்பத்தின் அடியில் தகடு வைத்து தளத்தோடு போல்ட் போட்டிருந்ததைப் பார்த்தேன், எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்றேன். "ஓ, பாத்துட்டுதான் வந்துருக்கீங்களா?" என்றார். அந்த வாரமே வந்து அளவெடுக்க ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி வந்தார். மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை டேப்பைப் பிடித்தபோது மறுமுனையைப் பிடித்தது நான்தான். முழு மாடிக்கும் கூரை, பழைய பைப் ஒன்றுகூட வேண்டாம், நடுவில் வெளிச்சம் வர இரண்டு வரிசை ஒளி ஊடுருவும் ஷீட் என்று சொன்னேன். பேசி முடித்து முன்பணமும் கொடுத்தேன்.

இதற்கிடையில் கூடத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷமும் மாடியில் நான் என்ன செய்கிறேன் என்பது நைனாவுக்குத் தலைக்கு மேல் கேட்கும் சத்தம் மட்டும்தான். மூட்டுவலியால் அவர் மேலே வருவதேயில்லை. இப்போது எல்லாம் அவர் கட்டிலுக்கு முன்னாலேயே நடந்தது. பள்ளிக்கூடத்து ஆள் வந்து, சேதமான துணிக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஆனால் தேதி மாறாது என்று கறாராகச் சொன்னதும், நான் அவரை உட்காரவைத்து, எந்த வகுப்புக்கு முதலில், எதற்குப் பின்னால் என்று பேசி ஒரு வாரம் கூடுதலாக வாங்கியதும் நைனாவுக்குக் கேட்டது. ஒரு பெண் காலர் கோணலாக வைத்துவிட்டு அழுததும், அதைப் பிரித்து அவளையே திரும்ப வைக்கச் சொன்னதும் அவர் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் நைனா மடியில் சட்டைகளைப் போட்டுக்கொண்டு தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?"

"சும்மாத்தானே குந்திகினு இருக்கேன்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

வேலை ஆரம்பித்த இரண்டாம் நாள் நான் லைனிங் துணி வாங்கப் பொதட்டூர்பேட்டை போக வேண்டியிருந்தது. மத்தியானம் திரும்பி, துணி மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறினேன். முதலில் எனக்குப் புரியவில்லை. தெருப்பக்கத்துச் சுவர் ஓரமாக வரவேண்டிய கம்பங்கள் மாடியின் நடுவில் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் பாதி மாடி வெயிலில் சும்மா கிடந்தது.

"இது இன்னாங்க?"

கான்ட்ராக்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் போன்ல சொன்னாரும்மா. முன்னாடி பக்கம் ரூம் கட்டப்போறாராம். ஷெட்டு பின்னாடி பாதிக்குப் போதும்னாரு."

"எங்கண்ணன் நம்பர் உங்களுக்கு எப்படி?"

"பெரியவருதான் போன குடுத்தாரு. பேசுன்னாரு, பேசினேன்."

பாதிக் கூரையில் மூன்று மெஷின் போடலாம். வெட்டும் மேஜைக்கு இடமிருக்காது. இதைவிட, அண்ணன் மனதில் மாடியின் கணக்கு இப்படி இருக்கிறது என்பதும், அது என்னைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்பதும்தான் வலித்தது. ஆனால் இரண்டு வெல்டர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத கழட்டுங்க. நாம பேசின எடத்துல நட்டுடுங்க" என்றேன்.

"இன்னாம்மா வெளயாடறீங்க? தளத்துல ஓட்ட போட்டு போல்டு முடுக்கியாச்சு. குடும்ப விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணன் ஒண்ணு சொல்லி தங்கச்சி ஒண்ணு சொன்னா நான் எத்த செய்யறது? நீங்க பேசி முடிச்சிட்டு கூப்புடுங்க. எனக்கு ஊரு பூரா வேல கெடக்குது." தெலுங்கில் ஆட்களிடம் ஏதோ சொன்னார். ஒருவர் வெல்டிங் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"வயர கீழ வெய்யிங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்கள தேடிகினு நகரிக்கி வந்தது யாரு?"

"நீங்கதான்."

"டேப்ப புடிச்சி அளவு சொன்னது?"

"நீங்கதான். இல்லன்னு யாரு சொன்னா?"

"அப்ப பாதியா கொறைக்கணும்னா யார கேட்டிருக்கணும்? அந்தத் தறி ஓனருக்கு கொட்டாய் போட்டீங்களே, அவரோட அண்ணன கேட்டா போட்டீங்க?"

அவர் கண் எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். நைனா படியேறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மெதுவாக. அவருக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கிறது. அவர் மேலே வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

கான்ட்ராக்டருக்கு உயிர் வந்தது. "பெரியவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. பாதியா, முழுசா?"

நைனா நடுவில் நின்ற கம்பங்களைப் பார்த்தார். வெயில் காயும் அந்தப் பாதியைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

"எங்கிட்ட ஏன்யா கேக்குற?" என்றார். "ஓனர் அங்க நிக்குது பாரு. அத்த கேளு."

"இல்ல பெரியவரே, உங்க பையன்..."

"போன குடுத்தது என் தப்பு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். பாதி பொண்ணுங்கள வெயில்லயா ஒக்கார வெக்கறது? முழுசா போடு."

படியில் நின்ற பெண்களில் மூத்தவள், "அப்டி சொல்லுங்கப்பா" என்றாள். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி பக்கத்து வீட்டுத் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் தெரிந்துவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஆன ஒருத்திக்குத் தன் தகப்பன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கான்ட்ராக்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டார். "சரிக்கா" என்றார். அதுவரை நான் அவருக்கு அம்மா. "ஓட்டைய சிமெண்டு வெச்சி அடைச்சிக் குடுத்துடறேன். அதுக்கு தனியா ஒண்ணும் வாங்கமாட்டேன். நானும் உங்கள கேட்டிருக்கணும்."

அன்று சாயங்காலம் நைனா அண்ணனிடம் பேசினார். எனக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது. "ஆங்... ஆங்... அப்டி இல்லடா. ரூமு கட்டறப்ப கட்டிக்கலாம். இப்ப வேல நடந்துகினு இருக்குது. அஞ்சு வூட்டுக்குச் சோறு போகுது இதுல. நீ வந்து ஒரு தபா கண்ணால பாரு, அப்பறம் பேசு." நான் சமையலறையில் கடைந்த பருப்பையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருந்தேன். அஞ்சு வீடு என்ற கணக்கை அவர் எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கான்ட்ராக்டர் கோபக்காரர் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோபமெல்லாம் சரியாக முடுக்காத போல்ட்டின் மேல்தான். காற்று வரும் திசையில் ஷீட்டின் ஓரம் வெளியே நீண்டால் அதைப் பிடித்துத்தான் காற்று தூக்கும் என்றார். அதனால் ஓரத்தைக் குறைத்து, மழைச்சாரலுக்குத் தனியாக ஒரு மறைப்பு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். ஜன்னல் எந்தப் பக்கம், ஃபேன் மாட்டக் குறுக்குக் கம்பி எங்கே என்று எல்லாவற்றையும் கேட்டார். சில கேள்விகளுக்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பெண்களை மேலே கூப்பிட்டு, மெஷின் போடப்போகும் இடத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். வெயில் எப்போது எங்கே விழும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கூரை முடிந்த அன்றே மெஷின்களை மேலே ஏற்றினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியில் "மெதுவா, மெதுவா" என்று ஒரே கூச்சல். மேலே வெளிச்ச ஷீட் வழியாக வந்த பகல் மேஜை மேல் விழுந்தது. ஒருத்தி ஊசியில் நூல் கோத்துவிட்டு, "அக்கா, லைட்டே வேணாம்போல" என்றாள். சீருடைகளின் கடைசி மூட்டையை, பேசி வாங்கிய தேதியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செம்மண் பட்ட துணிகளில் கறை போகாதவற்றுக்கு என் செலவில் வேறு துணி வாங்கியிருந்தேன். பள்ளி திறந்த காலையில் வேலையில்லாமலே பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு டீ குடித்தேன். நாங்கள் தைத்த காலர்கள் வரிசையாக வேனிலிருந்து இறங்கிப் போயின. டீக்கடைக்காரரிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது; காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலையில் ஒரு நாள் மறுபடி காற்று. முதல் தடவை அளவுக்கு இல்லையென்றாலும் தெருவில் பேனர் எல்லாம் கிழிந்தது. பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். ஷீட்டில் மழை விழும் சத்தம் காதை அடைத்தது, ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகத் திரும்பத் தைக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணன் ஆடி மாசம்தான் வந்தான். கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு குடும்பத்தோடு முருகன் கோயில் மலைக்கு ஏறுவது எங்கள் வழக்கம். வந்த அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை. அண்ணி மட்டும் மேலே வந்து ரவிக்கைக்கு அளவு கொடுத்தாள். அவன் ஏறி வந்தபோது வேலை முடிந்திருந்தது. மாடியை ஒரு சுற்று சுற்றினான். கம்பத்தின் அடியில் குந்தி போல்ட்டைத் திருகிப் பார்த்தான். அடைத்த ஓட்டைகளையும் பார்த்திருப்பான்.

"முன்னாடி ரூமு கட்டணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன்" என்றான்.

"எனக்குத் தெரியாதுண்ணா. நீ சொல்லியிருந்தா பேசியிருக்கலாம்."

"நீ நைனாகிட்ட இவ்வளோ பெரிசா பண்றேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். நீ வரட்டும்னாரு. பள்ளிக்கூடம் உனக்காகக் காத்துகினு இருக்காதே."

அவன் சிரித்துவிட்டான். முழு மனதாக இல்லை, இருந்தாலும் சிரித்தான். "மேல இன்னொரு மாடி தாங்குமா இந்த வீடு?" என்று கேட்டான். இன்ஜினியரை வைத்துப் பார்க்கலாம் என்றேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. முடியும்போது முடியட்டும்.

மறுநாள் காலை மலைப்படி ஏறினோம். நைனா வரவில்லை. பாதி தூரத்தில் அண்ணன் மகள் உட்கார்ந்துவிட்டாள். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது: ரயில் பாதை, கோயில் குளம், மொட்டை மாடிகள், சாம்பல் நிறத்தில் சிமெண்டு ஷீட்டுகள். எத்தனையோ தடவை அந்த இடத்தில் நின்று என் வீட்டைத் தேடியிருக்கிறேன். எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும். கான்ட்ராக்டர் என்ன கலர் என்று கேட்டபோது சட்டென்று வாயில் வந்தது நீலம். காரணம் எதுவும் இல்லை. இப்போது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் அந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"அங்க நீலமா இருக்கே, அது இன்னாப்பா?" என்று குழந்தை கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான். "அது உங்க அத்த ஷெட்டு. நம்ம வூடு அதுக்குக் கீழ இருக்குது."

குழந்தைக்கு அதில் அவ்வளவு அக்கறையில்லை. தண்ணீர் கேட்டாள், குடித்தாள், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு அவர்களைப் பிடிக்க வேகமாக ஏறினேன்.